அரியண்டத்துக்கு மூன்று புள்ளி

ஞானரட்ணத்துக்கு அருவருப்பூட்டும் விடயங்கள் லண்டனில் ஏராளம். பழத்தை வெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்பது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார். தேவாலயப் பூசையில் இறுதி ஆசீருக்கு முன்னரே பின்கதவால் நழுவுகிறவர்கள். மூக்கைத் துடைத்த கையாலேயே தட்டிலிருந்து றோல்ஸ் எடுக்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான் இருந்தது: அரியண்டம். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் தொந்தரவையும் குறிக்கும், அசிங்கத்தையும் குறிக்கும். அவர் எதைக் குறிக்கிறார் என்பதை மேலுதட்டைப் பார்த்துத்தான் அறியவேண்டும். தொந்தரவென்றால் உதடு சற்றே துடிக்கும். அசிங்கமென்றால் மூக்கை நோக்கி எழும். மூக்கைத் தொட்டேவிடும் என்று பார்ப்பவர் பயப்படுமளவுக்கு அது எழுந்தது ஒரேயொரு விடயத்துக்கு: கூடைப்பந்தில் தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து, ஒரே எறியில் மூன்று புள்ளி எடுப்பது.

வயது ஐம்பத்துநான்கு, உயரம் ஆறடி நான்கு அங்குலம். இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு அவர் தெரிந்தெடுத்த தொழில் ஹரோவில் கார் ஓட்டப் பழக்குவது. பழக வருகிறவர்கள் சிறிய காரைத்தான் விரும்புவார்கள் என்பதால் அவருடையது மிகச் சிறிய கார். அதில் அவர் அமர்ந்தால் முழங்கால்கள் நெஞ்சருகே வந்துவிடும். கூரை இடிக்காமலிருக்கக் கழுத்தை வளைத்து, பூசையில் எழுந்தேற்றத்தின்போது தலைகுனிந்திருக்கும் பக்தரைப்போல நாள் முழுவதும் இருப்பார். அந்தப் பணிவு காருக்கு வெளியே இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

மைதானத்தில் அவர் எல்லாவற்றையும் முதுகால் செய்தார். கூடைக்கு அருகில், கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையை உயர்த்திப் பந்தைக் கேட்பார். பந்து வந்ததும் பின்னால் மறித்து நிற்பவனை இடுப்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போவார். தோளால் இடதுபக்கம் போவதாக ஒரு பொய் சொல்லிவிட்டு, வலதுபக்கம் திரும்பி, தலைக்கு மேலால் பந்தை வளைத்துப் போடுவார். இந்த ஆட்டத்துக்குப் போஸ்ட் என்று பெயர். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் பிடித்த அந்த இடத்தை அவர் இன்றுவரை விடவில்லை. தொழிலுக்கும் அதையே கொண்டுவந்தார். "ரிவேர்ஸ் எடுக்கேக்க கண்ணாடியைப் பாக்கிறேல்லை தம்பி, பின்னால என்ன நிக்குதெண்டு உடம்புக்குத் தெரியோணும்" என்று பழகுகிறவர்களுக்குச் சொல்லுவார். அவரிடம் படித்தவர்கள் சோதனையில் பெரும்பாலும் ரிவேர்ஸில்தான் கோட்டைவிட்டார்கள்.

அணியில் அவருக்குத் தபால்பெட்டி என்று பட்டம். போஸ்டில் நிற்பவர் என்பது பாதிக் காரணம். மறுபாதி, உள்ளே போட்டால் திரும்ப வராது. பந்து அவர் கைக்குப் போனபின் வேறொருவர் அதை மறுபடி கண்டால், அது கூடைக்குள்ளிருந்து விழும்போதுதான். அவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

லண்டன் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கோடையில் நடத்தும் அந்தோனியார் கிண்ணம்தான் இந்த அணிகளுக்கு உலகக் கிண்ணம். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் ஆடலாம். ஹரோ, சட்டன், குட்மேய்ஸ் என்று மூன்று அணிகள். கத்தோலிக்கர் கிண்ணம் என்றாலும் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் சைவர்கள். அந்தோனியார் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவலில்லை. ஹரோ அணியின் கப்டன் நிசாந்தனும் சைவன்தான். வயது நாற்பது, வங்கியொன்றில் கணக்காளன், கூடைப்பந்தையும் கணக்காகவே பார்ப்பவன். கிண்ணத்துக்கு ஆறேழு வாரம் இருக்கையில், ஞாயிறு பூசைக்குப் பின் நடந்த பயிற்சியில் அவன் தன் புதிய திட்டத்தைச் சொன்னான். உயரமானவர் யாரும் வேண்டியதில்லை. வேகமாக ஓடக்கூடிய ஐந்து பேர், ஐவரும் தூரத்துக் கோட்டைச் சுற்றி நிற்பது, யாருக்கு இடம் கிடைக்கிறதோ அவர் எறிவது.

"இதுக்குப் பேர் ஸ்மோல் போல் அண்ணை" என்றான் டெனுசன். ஹரோ அணியில் மிகக் கட்டையானவன், மிக வாயாடி.

"போல் எல்லாம் ஒரே அளவுதான். ஆக்கள்தான் சிறுத்துப்போச்சினம்" என்றார் ஞானரட்ணம்.

நிசாந்தன் பொறுமையாகத்தான் தொடங்கினான். "அண்ணை, இப்ப உலகத்தில ஒருத்தரும் உள்ளுக்க நிண்டு விளையாடுறேல்லை."

"அப்ப கூடையை ஏன் உள்ளுக்க வைச்சிருக்கிறாங்கள்? கார் பார்க்கில வைக்கலாமே."

"கணக்கைப் பாருங்கோ. நீங்கள் பத்துத்தரம் போட்டு அஞ்சு விழுந்தாப் பத்துப் புள்ளி. நாங்கள் பத்துத்தரம் எறிஞ்சு நாலு விழுந்தாலே பன்ரண்டு."

"மற்ற ஆறும்?"

"விழேல்லை."

"ஆறுதரம் பிழைவிட்டிட்டு வெண்டனான் எண்டு சொல்ல உனக்கு வெக்கமில்லையோ?"

"நீங்களும் அஞ்சுதரம் பிழைவிட்டனீங்கள்தானே அண்ணை."

"நான் கிட்ட நிண்டு பிழைவிட்டனான்."

நிசாந்தன் விசிலை ஊதிப் பயிற்சியைத் தொடக்கினான். ஐந்து பேரும் கோட்டைச் சுற்றி, பஸ் வராத தரிப்பிடத்தில் நிற்பவர்களைப்போல நின்று எறிந்தார்கள். ஞானரட்ணத்தின் உதடு எழுந்தது. வீட்டுக் குப்பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடப் பஞ்சிப்பட்டு, வாசலில் நின்றே எறிகிறவனைப் பார்ப்பதுபோலத்தான் அவருக்கு இருந்தது. விழுந்தால் ஒரு கூச்சல், விழாவிட்டால் ஒரு சிரிப்பு. வெட்கம் எங்குமில்லை.

அவரை அணியிலிருந்து நிசாந்தன் நீக்கவில்லை. நீக்கத்தான் நினைத்தான், சொல்லத் துணிவு வரவில்லை. ஞானரட்ணமோ, தன் முழங்காலைப் பார்த்த டொக்டர் இந்தக் கோடையோடு போதும் என்று கண்டிப்பாகச் சொன்னதை அணியில் எவருக்கும் சொல்லவில்லை. இனி அவருக்கு வேறு கிண்ணமில்லை. கடைசியாக ஒருமுறை தன் இடத்தில் முதுகைக் காட்டி நின்று, தன் ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அதையும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வேளையில்தான் அந்தச் செய்தி வந்தது.

ஹரோ அணிக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அதில் கூடைப்பந்து தவிர எல்லாமே நடந்தது. ஒருவர் தினமும் மினுங்குகிற ரோஜாவோடு காலை வணக்கம் போடுவார். இன்னொருவர் சர்க்கரை வியாதிக்குப் பாகற்காய்ச் சாறு. டெனுசன் தான் எறிந்த பந்துகளின் வீடியோ. இவற்றுக்கிடையில் பயிற்சி நேரம் புதைந்துபோய், இரண்டு ஞாயிறு நாலுபேர்தான் வந்தார்கள். நிசாந்தன் பொறுமையிழந்து ஒரு வரி எழுதினான்: "கிண்ணம் முடியும்வரை ஒருவரும் போஸ்ட் பண்ணக்கூடாது. கண்டிப்பு."

ஞானரட்ணம் அந்தக் குழுவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ரோஜா என்றாலே அவருக்குக் குமட்டும். அன்று ஓட்டுநர் சோதனை நிலையத்துக்கு வெளியே, உள்ளே போன மாணவிக்காகக் காத்திருந்தார். போன் சிணுங்கியது. படமில்லாமல் அந்தக் குழுவில் அவர் கண்ட முதல் செய்தி அதுதான். ஆகவே வாசித்தார். மறுபடி வாசித்தார். ஒருவரும் போஸ்ட் பண்ணக்கூடாது. அணியில் போஸ்ட் பண்ணுகிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு "ஒருவரும்" என்று எழுதியிருக்கிறான், கோழை.

மாணவி ரிவேர்ஸில் தவறிவிட்டு அழுதுகொண்டு வந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்லவும் அவருக்கு மனமில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு, காரை ஓரமாக நிறுத்தி, சட்டன் அணியின் கப்டன் தவராசாவை அழைத்தார். தவராசா பெற்றோல் நிலையமொன்றை நடத்துகிறவர். ஐம்பது வயது; ஆட்டத்தில் திறமையைவிட ஆசைதான் அதிகம்.

"தவராசா, உங்கட டீமுக்கு ஆள் காணுமோ, இன்னும் தேவையோ?"

"எங்க அண்ணை காணும்! அண்டைக்கு அஞ்சுபேர் வந்து சேந்தாலே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவன்."

"அப்ப நான் வாறன். ஆனா ஒண்டு. உங்கட பக்கம் போஸ்ட் பண்ண விடுவியளோ?"

தவராசாவுக்கு உடனே தங்கள் வட்ஸ்அப் குழுதான் நினைவுக்கு வந்தது. சட்டன் குழுவிலும் ரோஜாக்கள் பூத்துக்கொண்டுதான் இருந்தன. "விரும்பினதைப் போடுங்கோ அண்ணை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"பாக்காட்டிப் பரவாயில்லை. பந்தைத் தந்தாக் காணும்."

"பந்தோ? ஓம்... ஓம் அண்ணை, தரலாம்."

இரண்டு பேரும் வெவ்வேறு விடயங்களில் முழு உடன்பாடு கண்டு போனை வைத்தார்கள்.

வீட்டில் மனைவி மரியமலர் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மீன் கழுவினார். மன்னார்க்காரி, கணவருடைய அருவருப்புகளோடு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர்.

"நிசாந்தனை ஒருக்காக் கேட்டுப் பாத்தியளோ?"

"என்னத்தைக் கேக்கிறது? எழுத்தில போட்டிருக்கிறான். கண்டிப்பு எண்டும் போட்டிருக்கிறான்."

"வேற அர்த்தத்தில சொல்லியிருப்பான்."

"போஸ்டுக்கு வேற என்னப்பா அர்த்தம்?"

"போன கிழமை முன்வீட்டுக்காரன்ர போஸ்ட் எங்கட வீட்டுக்கு வந்திட்டுதெண்டு சத்தம் போட்டனீங்கள். அவனும் பந்து விளையாடுறவனோ?"

ஞானரட்ணம் மீனைப் பார்த்தார். உதடு எழுந்தது. பேச்சு முடிந்தது.

ஞானரட்ணம் சட்டனுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது நிசாந்தன் திகைத்தான், கவலைப்பட்டான், பிறகு நன்றாகத் தூங்கினான். சொல்ல முடியாமல் தவித்த விடயம் சொல்லாமலே நடந்துவிட்டது. ஏன் போனார் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அதனாலேயே அவன் கேட்கவில்லை.

சட்டன் அணி ஞானரட்ணம் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. ஆட்டத்துக்கு முன் பொரித்த பற்றிஸ் சாப்பிட்டு, எண்ணெய்க் கையோடு பந்தைத் தொட்டார்கள். அணிக்கென்று சட்டை இல்லை. பொதுவான வலைப் பனியன்கள் ஒரு பையில் கட்டுண்டு கிடந்தன. பையை அவிழ்த்தபோது போன வருடத்துக் கோடை வெளியே வந்தது. "தோய்க்கிறேல்லையோ?" என்று கேட்டார். "போன வருசம் தோத்ததால ஒருத்தரும் வீட்டை கொண்டுபோகேல்லை அண்ணை" என்றார் தவராசா. எல்லாவற்றையும்விட ஞானரட்ணத்தால் தாங்க முடியாதது தவராசா பந்தெறியும் விதம். கோட்டுக்கு வெளியே நின்று, இரண்டு கையாலும், நெஞ்சிலிருந்து, இறுகிப்போன கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளுவார். பந்து சுழலாமல், பூசணிக்காய்போலப் போகும். அது அடிக்கடி விழுந்தது என்பதுதான் அதிலுள்ள உண்மையான அசிங்கம்.

கிண்ணத்தன்று ஹரோவில் ஒரு விளையாட்டு மண்டபத்தை எடுத்திருந்தார்கள். காலையில் குட்மேய்ஸ் அணியில் பாதிப்பேர் உறவுப் பெண்ணொருத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் போய்விட்டதால், மிச்சப் பாதியைச் சட்டன் சுலபமாக வென்றது. ஹரோவும் அவர்களை வென்றது. பிற்பகலில் இறுதியாட்டம், ஹரோவும் சட்டனும். ஞானரட்ணம் தொப்புளுக்கு மேலேயே முடிந்துவிட்ட ஒரு பனியனை மாட்டிக்கொண்டு, மூச்சை வாயால் விட்டபடி இறங்கினார்.

அவரை மறிக்க டெனுசன் வந்தான். அவர் நெஞ்சளவுதான் இருந்தான்.

"அண்ணை, கழகம் மாறினாலும் கட்சி மாறேல்லைப்போல. இப்பவும் முதுகுதான் காட்டுறியள்."

"உன்ர முகத்தைப் பாக்கிறதுக்கு இது திறம்."

பந்து உள்ளே வந்தது. ஞானரட்ணம் பின்னால் சாய்ந்தார். டெனுசன் பலசரக்குக் கடைத் தள்ளுவண்டியைப்போலப் பின்னுக்குப் போனான். இடப்பக்கம் ஒரு பொய், வலப்பக்கம் ஒரு வளைவு. இரண்டு புள்ளி. அடுத்த தடவையும் அதே. மண்டபத்தில் வயதானவர்கள் சிலர் எழுந்து கைதட்டினார்கள். உயரமானவரை உள்ளே வைத்தால் இந்தச் சின்னப் பையன்களால் என்ன செய்ய ஏலும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

விடையில் மறுபாதி இருந்தது. பந்து ஹரோவின் கைக்கு மாறியபோது, டெனுசன் சாவகாசமாக நடந்து மூலைக்குப் போய், கோட்டுக்கு வெளியே நின்றான். அவனை மறிக்கவேண்டியவர் ஞானரட்ணம். அவர் கூடையடியை விட்டு அசையவில்லை. முழங்கால் ஒரு காரணம். கொள்கை பெரிய காரணம்.

"அண்ணை, அவனிட்டப் போங்கோ!" என்று கத்தினார் தவராசா.

"வீட்டை விட்டிட்டு ரோட்டில நிண்டு ஆரும் காவல் காப்பினமோ?"

டெனுசன் எறிந்தான். விழுந்தது. மூன்று. "வீட்டைப் பூட்டிப்போட்டுச் சாவியை என்னட்டத் தாறியளே அண்ணை!" என்றான் திரும்பி ஓடும்போது. ஞானரட்ணம் இரண்டு போட்டார். டெனுசன் மூன்று போட்டான். ஒவ்வொரு தடவையும் அவர் வென்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சட்டன் ஒரு புள்ளியால் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடைவேளையில் ஹரோ ஒன்பது புள்ளி முன்னால் நின்றது.

தவராசா தோடம்பழத்தைச் சூப்பிக்கொண்டே பக்கத்தில் வந்து குந்தினார். சாறு தாடையால் வழிந்தது. ஞானரட்ணம் வேறுபக்கம் பார்த்தார்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டோ? இனி உங்கள்மேல ரெண்டுபேரை விடுவாங்கள், மூண்டுபேரையும் விடுவாங்கள். அப்ப நாங்கள் மற்ற நாலுபேரும் சும்மா நிப்பம். பந்தைத் திருப்பித் தாங்கோ."

"தந்தா?"

"எறிவம்."

"எங்க நிண்டு?"

தவராசா கோட்டைப் பார்த்தார்.

"உதுக்கோ நான் ஹரோவை விட்டிட்டு வந்தனான்?" என்று கேட்டார் ஞானரட்ணம்.

தவராசா சொன்னபடியே நடந்தது. இரண்டாம் பாதியில் பந்து அவர் கைக்கு வந்ததும் மூன்று பேர் மொய்த்தார்கள். ஒருவன் முதுகில், ஒருவன் இடுப்பில், டெனுசன் முன்னால் துள்ளிக்கொண்டு. இரண்டு தடவை பந்து பறிபோனது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை டெனுசன் துள்ளி எழுந்து வரும்போது, அவனுடைய பனியனின் தோள்பக்கம், ஈரமாக, உப்பாக, வெதுவெதுப்பாக, ஞானரட்ணத்தின் திறந்த வாயில் அப்பியது.

அதன்பிறகு அவர் செய்ததைத் திட்டம் என்று சொல்ல முடியாது. கையில் ஊத்தை பட்டவர் உதறுவதைப்போலப் பந்தை உதறினார். அது மூன்று பேரின் தலைக்கு மேலால் வெளியே போனது. அங்கே, சுற்றிலும் ஆளில்லாத வெளியில், தவராசா கதவைத் தள்ளினார். பூசணிக்காய் போய் விழுந்தது. மூன்று.

"தபால்பெட்டி திருப்பி அனுப்பியிட்டுது!" என்று யாரோ ஹரோ பக்கத்திலிருந்தே கத்தினார்கள். மண்டபம் சிரித்தது.

ஞானரட்ணம் துப்பினார், வாயைத் துடைத்தார். அடுத்த தடவை பனியன் கிட்டே வரும்போதே பந்து வெளியே போய்விட்டது. அதற்கடுத்த தடவை யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. மூன்று பேரும் திரும்பி வருகிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்ததும் அனுப்பினார். உதடு எழுந்தபடியே இருந்தது. தவராசாவும் மற்றவர்களும் எறிந்துகொண்டே இருந்தார்கள், பாதி விழுந்தது. விழாத பாதி கூடையில் பட்டுத் திரும்பியபோது, அங்கே அவரைத் தவிர வேறு உயரமில்லை. ஹரோவின் எறிகளும் இப்போது குறுகத் தொடங்கின. ஓடி ஓடிக் கால் களைத்தவர்களின் பந்து கூடைக்கு முன்னால் விழுந்தது. அதையும் அவரே மரத்தில் காய் பறிப்பதுபோலப் பறித்தார். மரியமலர் பார்வையாளர் வாங்கில் அமர்ந்தபடி, "பாருங்கோ, மனுசன் மற்றாக்களுக்கும் குடுக்குது" என்று பக்கத்துப் பெண்ணிடம் ஆச்சரியப்பட்டார். வீட்டில் தோசைத் தட்டைக்கூட அவர் யாருக்கும் நகர்த்தியதில்லை.

முடிய ஒரு நிமிடமளவில் இருந்தபோது ஹரோ ஒரு புள்ளி மட்டும் முன்னால். பந்து சட்டனிடம். நிசாந்தன் கணக்குப் பார்த்தான். உயரமானவர்மீது மூன்று பேரை விட்டால் வெளியிலிருந்து மூன்று புள்ளி வருகிறது. ஒருவனை விட்டால் உள்ளேயிருந்து இரண்டு வரலாம், வராமலும் போகலாம். கணக்குத் தெளிவாக இருந்தது. கைகள் இரண்டையும் விரித்து, மண்டபம் முழுவதும் கேட்கக் கத்தினான்.

"அண்ணையை விடுங்கோ! போஸ்ட் பண்ணட்டும்! எல்லாரும் வெளியால நில்லுங்கோ!"

ஞானரட்ணம் அதைக் கேட்டார். கண்டிப்போடு தடைசெய்தவனின் வாயே அனுமதி கொடுத்தது. மூன்று பேர் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. பின்னால் டெனுசனின் நெஞ்சு மட்டும். பதினேழு வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது இடம். அதை அவருக்கு மீட்டுக் கொடுத்தவை தவராசாவின் பூசணிக்காய்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த எண்ணமே வாயிலிருந்த உப்பைவிட மோசமாகக் கைத்தது.

பந்து வந்தது. சாய்ந்தார். இடப்பக்கம் பொய் சொன்னார். டெனுசன் நம்பினான். வலப்பக்கம் திரும்பி, கையை முழுவதும் நீட்டி, வளைத்தார். அழகான வளைவு. கைதட்டிய வயதானவர்கள் மறுபடி எழுந்தார்கள்.

பந்து விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது.

அது விழும் இடத்தில் டெனுசன் துள்ளினான். துள்ளிய அவனுடைய விரல்களுக்கு மேலே இன்னொரு கை ஏற்கனவே நின்றது, துள்ளாமலே. ஞானரட்ணம் பந்தைப் பிடிக்கவுமில்லை, போடவுமில்லை. முகத்தில் மொய்க்கும் இலையானை அடிப்பதுபோல ஒரு தட்டுத் தட்டினார். அது பலகையில் மோதி, விளிம்பில் தடுமாறி, போவதா வருவதா என்று தயங்கி, விழுந்தது. எந்த அழகுமில்லை. ஹரோவின் கடைசி எறி குறுகியது. சட்டன் ஒரு புள்ளியால் வென்றது.

பரிசளிப்பு முடிந்ததும் தவராசா கிண்ணத்தில் ஜிஞ்சர் பியரை ஊற்றினார். அது வாய்க்கு வாயாகச் சுற்றி வந்தது. தோடம்பழம் சூப்பிய வாய், பற்றிஸ் தின்ற வாய். ஞானரட்ணத்தின் கைக்கு வந்தபோது விளிம்பு மினுமினுத்தது. "குடியுங்கோ அண்ணை, வெண்டது நீங்கள்தானே!" அவர் ஒரு நொடிகூட வைத்திருக்கவில்லை, தலைக்கு மேலால் அடுத்தவருக்கு அனுப்பினார். அன்று அவர் கற்றுக்கொண்டது கைக்குப் படிந்துதான் இருந்தது.

கார் பார்க்கில் நிசாந்தன் வந்து சேர்ந்தான். தோற்றதைவிட வேறொன்று அவனை உறுத்தியது. "அண்ணை, கோவமில்லாட்டி ஒண்டு கேக்கிறன். ஏன் எங்களை விட்டிட்டுப் போனனீங்கள்?"

"நீதானே எழுதினனி. ஒருவரும் போஸ்ட் பண்ணக்கூடாது. கண்டிப்பு."

நிசாந்தனுக்கு விளங்கச் சிறிது நேரமெடுத்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டான். "ஐயோ அண்ணை! அது வட்ஸ்அப்புக்கு. அந்த ரோசாப்பூப் படங்களைப் போடவேண்டாம் எண்டு சொன்னனான்."

காருக்குப் பக்கத்தில் நின்ற மரியமலர் வானத்தைப் பார்த்தார்.

ஞானரட்ணம் அசையவில்லை. "அப்ப, அந்த மெசேஜ் வராட்டி, இண்டைக்கு என்னை விளையாட விட்டிருப்பியோ?"

நிசாந்தன் கணக்காளன், பொய் சொன்னால் காது சிவக்கும். நிலத்தைப் பார்த்தான். "இல்லை அண்ணை. இருத்தித்தான் வைச்சிருப்பன்."

"அப்ப நான் சரியாத்தானே வாசிச்சிருக்கிறன்."

ஞானரட்ணம் தன்னைப் பாகம் பாகமாக மடித்துக் காருக்குள் வைத்தார். கண்ணாடியை இறக்கினார்.

"கிண்ணம் முடிஞ்சுதுதானே? இப்ப பண்ணலாமோ?"

"என்னத்தை அண்ணை?"

குழுவைவிட்டு விலகுவது எப்படியென்று தெரியாததால் ஞானரட்ணம் இன்னும் ஹரோ குழுவில்தான் இருந்தார். போனை மரியமலரிடம் நீட்டினார். "இஞ்சரும், இருக்கிறதிலேயே ஊத்தையான ரோசாப்பூ ஒண்டு எடுத்துத் தாரும். மினுங்கிறதா, வண்ணாத்திப்பூச்சியும் இருக்கோணும்."

நிசாந்தனின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தான். பொன்தூள் கொட்டும் ரோஜா, அதைச் சுற்றி மூன்று வண்ணாத்திப்பூச்சிகள், கீழே இனிய மாலை வணக்கம். அனுப்பியவர் தன் போனிலேயே அதை மறுபடி பார்த்து, உதட்டை மூக்குவரை கொண்டுபோய், "சீ, அரியண்டம்" என்றார். பிறகு ரிவேர்ஸ் போட்டு, கண்ணாடியைப் பார்க்காமல், காரைப் பின்னால் எடுத்தார்.

"பின்னால பாருங்கோப்பா!" என்றார் மரியமலர்.

"தெரியும்."